செப்பூர் சார்க்கோவின் பாட்டிமார்

அரேபிய நாடுகளில் விருந்தினர்க்குக் கோப்பி வழங்குவோர் அதனுள் ஏலம் இட்டு வழங்குவது வழக்கம். அந்த ஏலத்தின் பெரும்பகுதி எங்கிருந்து செல்கின்றது என்று வினவின், மலையாள நாட்டு மலைகளையோ நமது மாத்தளை, கண்டிப் பகுதிகளையோ சுட்டுவோரே பலராவர். உண்மை வேறு. உலகச் சந்தைக்கு மிகுதியாக ஏலம் ஏற்றுமதி செய்யும் நாடு நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா ஆகும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் விளைந்த அச்செடியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே செர்மானியத் தோட்டக்காரர் அங்கே கொண்டுசென்று நட்டனர். நட்ட இடம் ஆல்ட்டா வேராப்பாஸ் என்னும் மழைமிகு மலைநாடு. அதனைப் பறிப்போர் கெக்சி என்னும் இனத்தைச் சேர்ந்த மாயா மக்கள்.

மாயர் என்றதும் காட்டினுள்ளே சிதைந்து கிடக்கும் கற்கோயில்களும், நாள்களை எண்ணிய பஞ்சாங்கமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அம்மக்கள் என்றோ மறைந்துபோயினர் என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் மறையவில்லை. 2018 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி குவாத்தமாலாவின் மக்களுட் பத்திலே நால்வருக்கு மேற்பட்டோர் மாயரே. இருபதுக்கு மேற்பட்ட மாயா மொழிகள் அங்கே வழங்குகின்றன. அம்மொழி பேசும் பெண்களுட் சிலர், தங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு நீதி கேட்டு நடந்த நெடுவழியைப் பற்றியே ஈண்டுக் கூற விரும்புகிறேன்.

கதை காணியிலே தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோப்பிப் பயிரினால் நாட்டை வளம்படுத்தலாம் என்று கருதிய அரசினர், ஊர்ப் பொதுவாயிருந்த நிலங்களைத் தனியார்க்கு உரிமையாக்கும் சட்டங்களை இயற்றினர். ஆல்ட்டா வேராப்பாஸின் நல்ல நிலங்கள் செர்மானியர் முதலியோர் கைக்குச் சென்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே சோளம் விதைத்த கெக்சி மக்கள் ஒரு நாள் விழித்தெழுந்தபோது, தாம் பிறர் தோட்டத்திற் குடியிருப்போராயினர் என்பதை அறிந்தனர். வீட்டுக்கும் சோளப் பாத்திக்கும் ஈடாகத் தோட்டத்துரைக்கு உழைக்க வேண்டியதாயிற்று. 1934 இல், தொழிலில்லாது திரிவோர்க்கெனச் செய்த ஒரு சட்டம், சொந்த நிலமற்றோரைக் குறித்த நாள்களுக்குத் தோட்டங்களில் உழைக்கக் கட்டாயப்படுத்தியது. நிலத்தையும் எடுத்துக்கொண்டு, நிலமில்லை என்ற குற்றத்துக்காகத் தண்டிப்பதிலும் கொடிய நகைப்பு வேறு உண்டோ?

1944 இல் ஒரு புரட்சி உண்டாயிற்று. கட்டாய உழைப்பு ஒழிந்தது. 1945 இல் வந்த அரசியலமைப்பு பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கியது. ஆயின், எழுத வாசிக்க அறிந்த பெண்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. எழுத்தறியாத ஆடவர்க்கு வாக்கு உண்டு. எழுத்தறியாத பெண்ணுக்கு இல்லை. பள்ளிக்கூடத்தின் வாயிலையே காணாத மாயாப் பெண்களுக்கு இஃது என்ன பயன் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அக்கட்டுப்பாடு 1965 ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேதான் நீங்கியது.

1952 இல் அதிபர் ஹாக்கோபோ ஆர்பென்ஸ் காணிச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொணர்ந்தார். பயிரிடாது கிடந்த பெருந்தோட்ட நிலங்களை உழவர்க்குப் பகிர்ந்தளிக்க அது வழி செய்தது. நிலமிழந்தோருள் யுனைட்டட் ஃபுரூட் கம்பனி என்னும் அமெரிக்க வாழைப்பழ வணிக நிறுவனமும் ஒன்று. 1954 இல் அமெரிக்க உளவுத்துறையின் துணையோடு ஆர்பென்ஸ் கவிழ்க்கப்பட்டார். கொடுத்த நிலங்கள் மீளப் பறிக்கப்பட்டன. 1960 இல் ஒரு படைக்கலகமாகத் தொடங்கிய உள்நாட்டுப் போர் முப்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது. அதன் அரசியல் வரலாற்றை விரிப்பதற்கு இடமில்லை. போலோச்சிக் என்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கிற்கே நேரே செல்வோம்.

அப்பள்ளத்தாக்கிலே பன்சோஸ் என்னும் சிற்றூர் உண்டு. 1978 மே 29 ஆம் நாள், காணி உரிமை பற்றிய முறையீட்டோடு நூற்றுக்கணக்கான கெக்சி மக்கள் அவ்வூரின் நடுவிடத்திலே கூடினர். அவர்களின் முன்னணியில் நின்றவர் அடெலினா காஅல் என்னும் முதியவர். ஊரார் அவரை மாமா மக்கீன் என்று அழைத்தனர். மாமா என்பது ஆங்கே தாயைக் குறிக்கும் சொல், நம் மாமன் அன்று. படையினர் சுட்டனர். உண்மையறியும் ஆணைக்குழு பின்னாளில் எண்ணியவாறு ஐம்பத்து மூவர் மாண்டனர். மாமா மக்கீனும் அவர்களுள் ஒருவர். பிணங்கள் ஒரே குழியில் இடப்பட்டன. 1997 இலே அக்குழி அகழப்பட்டது. அவருடைய பெயர் மாத்திரம் குழிக்குள் அடங்கவில்லை. மெக்சிக்கோவிலே தஞ்சம் புகுந்த மாயாப் பெண்கள் 1990 இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டபோது அதற்கு மாமா மக்கீன் என்றே பெயரிட்டனர்.

பன்சோஸுக்கு அணித்தாக, ஆல்ட்டா வேராப்பாஸும் இசபால் மாகாணமும் சந்திக்கும் எல்லையிலே உள்ளது செப்பூர் சார்க்கோ என்னும் கிராமம். அங்கும் அயலூர்களிலும் இருந்த ஆடவர், தாம் உழுத நிலத்துக்கு உறுதி பெறவேண்டும் என்று மனுக்கொடுத்து அலைந்துகொண்டிருந்தனர். 1982 இல் இராணுவத்தினர் வந்தனர். மனுக் கொடுத்தோரே அவர்கள் முதலிலே தேடியோர். வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட கணவன்மார் திரும்பவில்லை. பின்னர் செப்பூர் சார்க்கோவிலே ஒரு முகாம் அமைக்கப்பட்டது. அதனை ஓய்வு முகாம் என்றனர். போரிட்டுக் களைத்த படையினர் தங்கி இளைப்பாறும் இடமாம்!

அவ்விளைப்பாறல் யாருடைய உடலின்மீதும் உழைப்பின்மீதும் நிகழ்ந்தது என்பதை முப்பதாண்டுகள் கழித்தே உலகம் அறிந்தது. கணவனை இழந்த பெண்கள் முறைவைத்து முகாமுக்கு அழைக்கப்பட்டனர். மூன்று நாளைக்கு ஒருமுறை அவர்கள் செல்ல வேண்டும். சோள ரொட்டி சுட வேண்டும், சமைக்க வேண்டும், ஆற்றங்கரையிலே படையினரின் சீருடைகளைத் துவைக்க வேண்டும். ரொட்டிக்கு மாவும் துவைக்கச் சவுக்காரமும் அப்பெண்களே கொண்டுவர வேண்டும். அதே முகாமிலே அவர்கள் மீண்டும் மீண்டும் கற்பழிக்கப்பட்டனர். கணவனோ இல்லை, வீடு எரிந்துபோயிற்று, பிள்ளைகளுக்கு உணவில்லை, இருந்த சிறிது சோளமும் முகாமுக்குப் போயிற்று. இக்கொடுமை பலருக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் இம்முறையில் நடந்தது. அதன் பின்னரும் ஊழியம் முற்றாக ஒழியவில்லை. முகாம் 1988 வரை நிலைத்தது. இதற்கு அஞ்சி மலைக்காட்டுக்குள் ஓடிய பெண்களும் இருந்தனர். அவர்கள் படையினரின் கைக்குத் தப்பினராயினும் பசிக்குத் தப்பவில்லை. கிழங்கும் இலையும் தின்று ஆண்டுக்கணக்காய் அலைந்த அத்தாய்மார் தம் குழந்தைகளைக் காட்டிலேயே புதைத்தனர்.

போர் 1996 டிசம்பர் 29 ஆம் நாள் உடன்படிக்கையோடு முடிந்தது. அதற்கு முன்னரே, 1995 மார்ச்சில், பழங்குடி மக்களின் அடையாளமும் உரிமையும் பற்றித் தனியாக ஓர் உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டிருந்தது. பழங்குடிப் பெண்கள் பெண்ணென்றும் பழங்குடியென்றும் இருமடங்காக ஒதுக்கப்படுகின்றனர் என்பதை அது வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு அமைந்த உண்மையறியும் ஆணைக்குழு 1999 பெப்ரவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். இனங்காணப்பட்டோருள் நூற்றுக்கு எண்பத்து மூவர் மாயர். கொடுமைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று அரச படைகளாலும் அவற்றைச் சார்ந்தோராலும் இழைக்கப்பட்டவை என்று அது கணித்தது. சில பகுதிகளில் நிகழ்ந்தது இனப்படுகொலை என்றும் முடிவு செய்தது. பதிவான பாலியல் வன்முறைகளிலே பத்தில் ஒன்பதுக்கு அணித்தாக மாயாப் பெண்களே இரையாயினர்.

இதற்கு ஓராண்டு முன்பு கத்தோலிக்கத் திருச்சபையும் ஓர் அறிக்கையை வெளியிட்டிருந்தது. அதனை 1998 ஏப்பிரில் 24 ஆம் நாள் மக்கள் முன் வைத்த ஆயர் ஹுவான் ஹெரார்டி இரண்டு நாள் கழித்துத் தம் இல்லத்திலேயே அடித்துக் கொல்லப்பட்டார். ஒரு நாட்டில் உண்மை பேசுவதன் விலை இதுவாயின், எழுத்தறியாத கைம்பெண் ஒருத்தி வாய்திறக்க எத்துணை அஞ்சியிருப்பாள்!

எனினும் வாய்திறந்தோர் இருந்தனர். அவர்களை மறந்து செப்பூர் சார்க்கோவின் வழக்கை விளங்கிக்கொள்ள முடியாது. போர் முடியாதிருந்த காலத்திலேயே, 1988 இல், குவாத்தமாலாவின் கைம்பெண்கள் தேசிய ஒருங்கமைப்பு ஒன்றை நிறுவினர். கொனாவிகுவா என்பது அதன் சுருக்கப் பெயர். அதன் தலைவி ரொசலினா துயுக், கக்சிக்கேல் இனத்தவர். தந்தையையும் கணவனையும் படையினரிடம் இழந்தவர். பிள்ளைகளைக் கட்டாயமாகப் படைக்குப் பிடிப்பதை எதிர்த்தும், ஊராரைக் காவற் படைகளிற் சேர்க்கும் கொடுமையை எதிர்த்தும், புதைகுழிகளைத் திறக்கும்படி கேட்டும் அப்பெண்கள் வீதியில் இறங்கினர். ஆடவர் இறங்கியிருந்தால் அன்றே காணாமற்போயிருப்பர். பெண்கள்தானே என்ற அலட்சியமே அவர்களுக்கு ஓரளவு கவசமாயிற்று எனலாம். ஆயினும் அது முழுக்கவசம் அன்று. 1995 தேர்தலில் ரொசலினா துயுக் நாட்டின் சட்டமன்றத்துக்குத் தெரிவானார். அவரது சொந்த ஊரான கொமலாப்பாவிலே பழைய படைமுகாம் நிலத்தை அகழ்ந்தபோது இருநூறுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவர் தேடிய இருவரின் எலும்புகள் அவற்றுள் இல்லை. பிறருடைய தந்தையரை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தம் தந்தையைத் தேடியவாறே அவர் இருந்தார்.

கிச்சே இனத்தவராகிய ரிகோபெர்த்தா மெஞ்சு 1992 இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றதை நேயர்கள் அறிவர். 1980 சனவரியிற் குவாத்தமாலா நகரிலுள்ள ஸ்பானியத் தூதரகத்துள் புகுந்து முறையிட்டோர் அங்கேயே தீயில் வெந்து மாண்டபோது அவருடைய தந்தையும் மாண்டார். அவரைப் பற்றி எழுதியோர் பலர். ஆகையால், பரிசு பெறாதோரைப் பற்றியே மேலும் கூறுகிறேன்.

மெக்சிக்கோ அகதி முகாம்களிலிருந்த பெண்கள் ஊர் திரும்பும்போது ஒரு கோரிக்கையை விடாது பற்றினர். புதிய காணிக்குக் கொடுக்கும் உறுதியில் கணவன் பெயரோடு தம் பெயரும் எழுதப்பட வேண்டும் என்பதே அது. சிறு கோரிக்கைபோலத் தோன்றும். காணியால் தொடங்கிய போரிலே, காணியைக் காத்த பெண்ணுக்கு அதில் ஒரு சாண் உரிமையும் இல்லை என்பதை அவர்கள் முகாம் வாழ்க்கையிலே கூடிப் பேசிக் கண்டுபிடித்தனர். அரச அதிகாரிகளைவிடத் தம் சொந்த ஆடவரோடு வாதிடுவதே கடினமாயிருந்தது. ஊர் திரும்பிய பின் சில இடங்களிற் கூட்டுறவுச் சங்க ஆடவர்களே அவர்களை ஒதுக்கினர். 1999 இற் காணி நிதியச் சட்டம் இயற்றப்பட்டபோது கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி வழங்கும் விதி அதில் இடம்பெற்றது.

செப்பூர் சார்க்கோவின் பெண்களோ இக்காலமெல்லாம் வாய்மூடியே இருந்தனர். அயலார் அவர்களைப் படையினரின் பெண்கள் என்று பழித்தனர். வலிந்து இழுக்கப்பட்டோர் என்பதை ஊர் அறியும், அறிந்தும் பழித்தது. அவர்களுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே கிடந்த தூரத்துட் பெரும்பகுதி இந்தப் பழியே என்பது என் கருத்து. 2003 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலே பெண்கள் அமைப்புகளும் உளநல உதவியாளரும் அப்பகுதிக்குச் சென்று அவர்களைச் சிறு சிறு கூட்டங்களாக அமரவைத்துப் பேசத் தூண்டினர். தனக்கு நேர்ந்தது தனக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ணியிருந்தவள், பக்கத்திலிருந்தவளும் அதையே கூறக் கேட்டாள். மெல்ல மெல்ல வெட்கம் இடம் மாறியது.

2010 மார்ச்சிற் குவாத்தமாலா நகரிலே மனச்சாட்சி மன்றம் ஒன்று கூடியது. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கேட்கும் அதிகாரம் மட்டுமே உண்டு. போர்க்காலத்துப் பாலியற் கொடுமைகளை அனுபவித்த பெண்கள் அங்கே முதன்முறையாகப் பலர் கேட்கப் பேசினர். கேட்கப்பட்டோம் என்ற உணர்வே பெரிதாயிற்று. அடுத்த ஆண்டில், 2011 இல், செப்பூர் சார்க்கோப் பெண்கள் பதினைவர் உண்மையான நீதிமன்றத்திலே முறைப்பாடு செய்தனர். அவர்கள் முதியோரும் நோயாளருமாய் இருந்தமையின், விசாரணை தொடங்குமுன் இறந்துவிடக்கூடும் என்று அஞ்சி, 2012 செப்டெம்பரில் அவர்களின் வாக்குமூலங்கள் முன்கூட்டியே நீதிபதி முன்னிலையில் ஒளிப்படச் சுருளிற் பதியப்பட்டன. அவ்வாண்டிலேயே தினாகாஸ் என்னும் தோட்டத்து நிலம் அகழப்பட்டது. பல்லாண்டாகத் தேடப்பட்டோரின் எலும்புகள் மண்ணிலிருந்து வெளிவந்தன.

2014 யூனில் இருவர் கைதாயினர். ஒருவர் முகாமுக்குப் பொறுப்பாயிருந்த படை அதிகாரி எஸ்தெல்மெர் ரேயெஸ் ஹிரோன். மற்றவர் இராணுவ ஆணையாளராகக் கடமையாற்றிய உள்ளூர்வாசி எரிபெர்த்தோ வால்டெஸ் அசிக். இராணுவ ஆணையாளர் என்பவர் ஊரிலிருந்துகொண்டே படைக்குக் கண்ணும் காதுமாய் இருப்பவர். யார் யார் காணிக்கு மனுக் கொடுத்தனர் என்பதைப் படை எவ்வாறு அறிந்தது என்ற கேள்விக்கு இப்பதவியிலேயே விடையின் ஒரு பகுதி அடங்கியுள்ளது.

வழக்கு 2016 பெப்ரவரி 1 ஆம் நாள் தலைநகரிலே தொடங்கியது. தலைமை வகித்தவர் யாஸ்மின் பாரியோஸ் என்னும் பெண் நீதிபதி. இவரே 2013 மே 10 ஆம் நாள், முன்னாள் ஆட்சியாளர் எஃப்ராயின் ரியோஸ் மொந்த் என்பாரை இஷில் இன மக்களின் இனப்படுகொலை உள்ளிட்ட குற்றங்களுக்காக எண்பது ஆண்டுச் சிறைக்கு உட்படுத்திய மன்றத்துக்கும் தலைமை தாங்கியவர். அவ்வழக்கிலும் இஷில் பெண்கள் முகத்தை மூடிக்கொண்டு சாட்சியளித்தனர். பத்தே நாளில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. ரியோஸ் மொந்த் 2018 இல் இறுதித் தீர்ப்பின்றியே இறந்தார். ஆகவே, செப்பூர் சார்க்கோ வழக்கிலும் அவ்வாறே நிகழுமோ என்ற ஐயம் மன்றத்துள் இருந்த எல்லோர் மனத்திலும் இருந்திருக்கும்.

மன்றத்தின் காட்சியைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். பாட்டிமார் வண்ண நெசவுத் துணிகளால் தலையையும் முகத்தையும் போர்த்தி வரிசையாக அமர்ந்திருந்தனர். கண்கள் மட்டுமே தெரிந்தன. எதிரிகளின் முகங்கள் திறந்திருந்தன. விசாரணை ஸ்பானிய மொழியில். அவர்கள் அறிந்ததோ கெக்சி மொழி. தம் சொந்த நாட்டின் நீதிமன்றத்திலே, தம் சொந்த வழக்கை, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே அவர்கள் கேட்டனர். அவர்களின் வாக்குமூலங்கள் திரையிற் காட்டப்பட்டன. தோண்டியெடுத்த எலும்புகள் பெட்டிகளில் வைத்து மன்றத்துள் கொண்டுவரப்பட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டப்பட்டன.

மொழிபெயர்ப்பில் ஓர் இடர் நேர்ந்தது. கற்பழிப்பு என்பதற்கு ஸ்பானியச் சட்டத்திலே உள்ள சொல்லுக்கு நேரான சொல்லைப் பெண்கள் கூறவில்லை. முஷுக் என்ற கெக்சிச் சொல்லை அவர்கள் ஆண்டனர். புனிதமான ஒன்றைத் தீண்டி மாசுபடுத்துதல், நிலைகுலைத்தல் என்பது அதன் பொருள். உடலுக்கு மட்டுமன்றி, வாழ்வுக்கும் ஊருக்கும் நேர்ந்த கேட்டை அது குறிக்கும். கிச்சே இனத்து மானிடவியல் அறிஞர் இர்மா அலிசியா வெலாஸ்கெஸ் நிமாதுக் நிபுணர் சாட்சியாக வந்து, அப்பெண்கள் இழந்தது எதனை என்பதை அவர்களின் பண்பாட்டினூடாகவே மன்றத்துக்கு எடுத்துரைத்தார். கணவன், வீடு, பயிர், ஊரின் மதிப்பு ஆகிய யாவும் ஒருங்கே பறிக்கப்பட்டன என்றும், காணிக் கோரிக்கையே அதற்கு வித்தாயிற்று என்றும் அவர் காட்டினார்.

இந்த அறிஞரைப் பற்றி ஒரு செய்தி. 2002 இல் தலைநகரிலுள்ள ஓர் உணவு விடுதிக்குள் அவர் நுழைய முயன்றபோது, மாயாப் பெண்களின் மரபுடை அணிந்திருந்த காரணத்தால் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். கலாநிதிப் பட்டப் படிப்பும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும் அவ்வாயிலைத் திறக்கவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. பலரும் சேர்ந்து குரலெழுப்பினர். அவ்வாண்டிலேயே பாகுபாடு காட்டுதலைக் குற்றமாக்கும் விதி அந்நாட்டின் தண்டனைச் சட்டத்திற் சேர்ந்தது. சேலை கட்டியதற்காக ஒரு பெண்ணைத் தடுத்தால் அது எத்தகையதோ, அத்தகையதே இதுவும். உயிப்பில் என்னும் அம்மேலாடையின் பூவேலைப்பாட்டைக் கண்டே எந்த ஊராள் என்று சொல்லிவிடலாம். போர்க்காலத்தில் இன்ன ஊராள் என்று அறியப்படுவதே உயிருக்கு ஆபத்தாயிற்று. ஆதலால் உடையை மாற்றிக்கொண்டு நகரத்தில் ஒளிந்தோர் பலர். போர் முடிந்தபின் அவ்வடிவங்களை வணிகர் எடுத்து ஆலைகளில் அச்சிட்டு விற்கலாயினர். 2016 இல் நெசவுப் பெண்கள் அரசியலமைப்பு நீதிமன்றத்தை அணுகினர். மறு ஆண்டில் அம்மன்றம், அவ்வடிவங்களைக் காக்கச் சட்டம் இயற்றுமாறு சட்டமன்றத்துக்கு அறிவுறுத்தியது.

மீண்டும் வழக்குக்கு வருவோம். 2016 பெப்ரவரி 26 ஆம் நாள் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. இருவரும் மானிடத்துக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டனர். படை அதிகாரிக்கு, அக்குற்றத்துக்கு முப்பது ஆண்டும், ஒரு தாயையும் அவளுடைய இரு பெண் குழந்தைகளையும் கொன்றமைக்கு ஒவ்வொரு கொலைக்கும் முப்பது ஆண்டுமாக நூற்றிருபது ஆண்டுகள். ஆணையாளருக்கு, ஏழு ஆடவரைக் காணாமற்போகச் செய்தமையும் சேர்த்து இருநூற்று நாற்பது ஆண்டுகள். மனிதர் இருநூறு ஆண்டு வாழ்வதில்லை. அவ்வெண்கள் இழப்புகளின் கணக்கே. பாலியல் அடிமைத்தனத்தையும் வீட்டு வேலை அடிமைத்தனத்தையும் போர்க்குற்றமாக, அது நிகழ்ந்த நாட்டின் நீதிமன்றமே விசாரித்துத் தண்டித்தது உலகில் இதுவே முதன்முறை என்பர் சட்ட வல்லுநர். பிற நாடுகளில் நிகழ்ந்தவற்றைச் சர்வதேச மன்றங்களே விசாரித்தன. ரொட்டி சுட்டதும் சீருடை துவைத்ததும் குற்றவியல் தீர்ப்பொன்றில் இடம்பெற்றமை எனக்கு மிகவும் கருதத்தக்கதாகத் தோன்றுகின்றது. பெண்கள் வீட்டில் நாளும் செய்யும் வேலைதானே என்று அதனைத் தள்ளிவிட மன்றம் இசையவில்லை.

2017 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

தீர்ப்பின் பின்னர் 2016 மார்ச் 2 ஆம் நாள் நட்டஈடு பற்றிய கட்டளைகள் பதினெட்டு வழங்கப்பட்டன. அப்பெண்கள் கேட்டவை யாவை? ஊரிலே ஒரு மருத்துவ நிலையம். பிள்ளைகள் படிக்கப் பள்ளிக்கூடம். காணாமற்போனோரைத் தொடர்ந்து தேடுதல். தீர்ப்பை மாயா மொழிகளிற் பெயர்த்தல். பெப்ரவரி 26 ஐ நினைவு நாளாக்குதல். படையினர்க்கான கல்வியில் பெண்களின் உரிமையைச் சேர்த்தல். இறுதியாகக் காணி. தமக்கு இழைத்த கொடுமைக்கு ஈடாகத் தம் பேரப்பிள்ளைகளுக்குக் கரும்பலகையும் மருந்தும் கேட்ட இம்முதியோரை ஊரார் இப்பொழுது பாட்டிமார் என்றே அழைக்கின்றனர். படையினரின் பெண்கள் என்று பழித்த அதே அயல்தான். நமது யாழ்ப்பாணத்து வழக்கிலே ஆச்சி என்று சொல்லும்போது எத்துணை மதிப்பும் பாசமும் கலந்திருக்குமோ அத்துணையும் அச்சொல்லில் உண்டு. ஊரூராகச் செல்லும் மருத்துவ வண்டியொன்று பின்னர் வந்தது. பிற கட்டளைகள் மெல்ல நகர்ந்தன.

இத்தீர்ப்பினால் துணிவு பெற்றோருள் அச்சி இனப் பெண்கள் தலையாயோர். அவர்களின் ஊர் பாகா வேராப்பாஸிலுள்ள றபினால். 1982 இலே அப்பகுதியிற் பட்டபாடு சொல்லில் அடங்காது. ரியோ நேக்ரோ என்னும் ஊரிலே மார்ச் 13 ஆம் நாள் எழுபது பெண்களும் நூற்றேழு சிறுவரும் மலையேற்றிக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டனர்; உலக வங்கியும் பணம் கொடுத்த சிக்சோய் அணைக்கட்டுக்கு அவ்வூரார் இடம் விட மறுத்திருந்தனர். றபினாலிற் கொடுமை செய்தோருட் பலர் வெளியூர்ப் படையினர் அல்லர். ஊர்க்காவற் படையிற் சேர்க்கப்பட்ட உள்ளூர் ஆடவரே. ஆகையால், போர் முடிந்த பின்னும் சந்தையிலும் கோயிலிலும் திருவிழாவிலும் தன்னைக் கெடுத்தவனை ஒருத்தி நேருக்கு நேர் காணவேண்டியிருந்தது. முப்பத்தாறு பெண்கள் முன்வந்து முறையிட்டனர். 2018 இல் சிலர் கைதாயினர். 2019 இல் ஒரு நீதிபதி, பெண்களின் சாட்சியம் போதாதென்று வழக்கை முடித்து அவர்களை விடுவித்தார். பெண்கள் சோரவில்லை. அந்நீதிபதியை வழக்கிலிருந்து விலக்குமாறு கேட்டு, வென்று, மீண்டும் தொடங்கினர். அவர்களுக்காக வாதிட்டோருள் மாயா இனத்துப் பெண் வழக்கறிஞர்களும் இருந்தனர். 2022 சனவரி 24 ஆம் நாள் ஐவருக்கு முப்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2025 மே 30 ஆம் நாள் மேலும் மூவருக்கு நாற்பது ஆண்டு.

ஆயின், செப்பூர் சார்க்கோவின் பாட்டிமாருக்குக் காணிதான் இன்னும் கைக்கு வரவில்லை. கணவன்மார் உயிர்கொடுத்துக் கேட்ட அதே நிலம் தனியார் பெயரில் உள்ளது. அரசு அதனை வாங்கியோ பெற்றோ கொடுக்க வேண்டும். தீர்ப்பின் பின் பல ஆண்டுகள் கழிந்தும் அலுவல் முற்றுப்பெறவில்லை. 1982 இல் மனு எழுதிய ஆடவர் எலும்பாய்க் கிடைத்தனர். மனு இன்னும் அலுவலகத்திலே இருக்கின்றது. இப்பொழுது அதனைத் தொடர்ந்து நடத்துவோர் அவர்களின் மனைவியர். கைநாட்டு இடவேண்டிய இடத்திலே கைநாட்டு இட்டு, அடுத்த தவணைக்கு எப்பொழுது வரவேண்டும் என்று கெக்சி மொழியிலே கேட்கின்றனர்.